எலக்ட்ரானைக் கூட்டினால் காந்தம் கூடுமா? தாலோசயனின், பி3எச்டி மாதிரிகளில் ஸ்பின் கணக்கு

நீலத்தூள்:
நான்கு டெர்ட்-பியூட்டைல் தொகுதிகள் கொண்ட தாமிர, கோபால்ட், துத்தநாக தாலோசயனின்கள் (உலோக அணுவைச் சுற்றிய வளைய வடிவ நீலச் சாயங்கள்). மூன்றையும் டைகுளோரோமீத்தேனில் கரைத்து, மூலக்கூறுக்கு ஒரு எலக்ட்ரான் வீதம் ஏற்றி ஒடுக்கம் செய்தால் மூன்றிலும் ஒரு ஸ்பின் (ஜோடியில்லா எலக்ட்ரானின் காந்தம்) கூட வேண்டும் என்பதுதான் என் கணக்கு. ஈபிஆர் (ஜோடியில்லா எலக்ட்ரான்களைக் காட்டும் நிறமாலை) வேறு சொல்கிறது. துத்தநாகத்தில் ஜி (கோடு விழும் இடத்தைக் குறிக்கும் எண்) 2.00 அருகே புதிதாக ஒரு கோடு வருகிறது. தாமிரத்தின் கோடு மெலிகிறது. கோபால்ட்டின் சமிக்ஞை 77 கெல்வினில் சுத்தமாக மறைந்துவிடுகிறது. எலக்ட்ரான் போய்ச் சேரவில்லையா, கணக்கே தவறா?

வளையம்:
எலக்ட்ரான் சேர்ந்திருக்கிறது. "ஒரு மின்னூட்டம், ஒரு ஸ்பின்" என்ற கணக்குதான் தவறு. வந்த எலக்ட்ரான் எந்த ஆர்பிட்டாலில் உட்காருகிறது, அங்கே ஏற்கெனவே யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது எல்லாம்.

துத்தநாகத்தில் டி கூடு நிறைந்துவிட்டது. நடுநிலை மூலக்கூறின் ஸ்பின் பூஜ்யம். புது எலக்ட்ரானுக்கு வளையத்தின் வெற்றுப் பை ஆர்பிட்டாலை விட்டால் இடமில்லை. ஆகவே ஸ்பின் 1/2, ஜி ஏறக்குறைய கட்டற்ற எலக்ட்ரானின் மதிப்பு, ஒற்றைக் கோடு. இரண்டாவது எலக்ட்ரானைக் கொடுத்தால் அது முதலாவதோடு ஜோடி சேர்ந்து காந்தம் மீண்டும் பூஜ்யமாகிவிடும்.

கோபால்ட்டில் நடப்பது வேறு. கோபால்ட் இரண்டு (+2 நிலை) டி7 அமைப்பு, ஒரு ஒற்றை எலக்ட்ரான். ஒடுக்கத்தில் எலக்ட்ரான் வளையத்துக்குப் போவதில்லை, நேராக உலோகத்துக்குப் போகிறது. அதனால்தான் கோபால்ட் தாலோசயனினின் முதல் ஒடுக்கம் தாமிரத்தையும் துத்தநாகத்தையும் விட ஏறத்தாழ அரை வோல்ட் எளிதாக நடக்கிறது. கோபால்ட் ஒன்று (+1 நிலை), டி8, தளச்சதுரம், எல்லாம் ஜோடி. காந்தம் அழிந்தது என்றால் எலக்ட்ரான் சேர்ந்ததற்கு அதுவே சாட்சி. அடுத்த எலக்ட்ரானைக் கொடுத்தால் அது வளையத்தில் ஏறி ஸ்பின் 1/2 திரும்ப வரும்.

தாமிரம்தான் ரசமானது. டி9-இன் ஒற்றை எலக்ட்ரான் அப்படியே இருக்க, புதியது வளையத்தில் ஏறுகிறது. ஒரே மூலக்கூறில் இரண்டு ஸ்பின்கள். இரண்டும் ஒரே திசையில் நின்றால் மொத்தம் 1, எதிரெதிரே நின்றால் 0. வெள்ளியின் 100 முகத்தில் படிந்த தாமிர தாலோசயனினுக்குப் பரப்பிலிருந்து ஒரு எலக்ட்ரான் ஏறுவதையும், இரு ஸ்பின்களும் சேர்ந்து மும்மை நிலையாக (மொத்த ஸ்பின் 1) நிற்பதையும் 2011-இல் வருடு ஊடுருவு நுண்ணோக்கியால் (எஸ்டிஎம்) காட்டியிருக்கிறார்கள். அதே பரப்பில் நிக்கல் தாலோசயனின் ஸ்பின் இல்லாத நிலையிலிருந்து 1/2-க்கு மாறுகிறது.

குவார்ட்ஸ்குழாய்:
வளையம் சொன்னதோடு ஒன்று. தாமிரத்தின் கோடு மெலிந்ததை "ஸ்பின் குறைந்தது" என்று எழுதிவிடாதீர்கள். நடுநிலை மூலக்கூறில் இணைத்திசை ஜி 2.16 அளவு, செங்குத்துத் திசை ஜி 2.04 அளவு, தாமிர உட்கருவால் நான்கு கோடு, அதன் மேல் நைட்ரஜன் பிளவுகள். மும்மை நிலையானால் பூஜ்யப்புலப் பிளவு (வெளிப்புலம் இல்லாமலே வரும் ஆற்றல் பிளவு) சேர்ந்து சமிக்ஞை அகலமாகப் பரவிவிடும், தளர்வும் வேகமாகும். உச்சி உயரம் விழுந்தாலும் பரப்பு அப்படியே இருக்கலாம். 280 முதல் 400 மில்லிடெஸ்லா வரை மட்டும் ஓட்டாமல் 50 முதல் 600 வரை ஓட்டுங்கள். பாதிப்புலத்தில், அதாவது 9.5 கிகாஹெர்ட்ஸில் 170 மில்லிடெஸ்லா பக்கம், ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் மும்மைக்கு நல்ல அடையாளம்.

கோபால்ட்டுக்கு எதிர்ப்பக்கக் கவனம். கோபால்ட் இரண்டின் சமிக்ஞை அறை வெப்பநிலையில் வேகமான தளர்வால் எப்படியும் தெரியாது. ஒடுக்கத்துக்கு முன்பே உறைநிலையில் எட்டுக்கோட்டுப் பிளவைப் பதிந்து வைத்தால்தான் மறைந்தது என்று சொல்ல முடியும்.

நீலத்தூள்:
விளங்கியது. ஆனால் "கோபால்ட் ஒன்று உருவானது" என்பதற்கு ஈபிஆர் இல்லாமை போதுமா? காற்று புகுந்து வேறு ஏதோ ஆகியிருந்தாலும் கோடு மறையும் அல்லவா?

குவார்ட்ஸ்குழாய்:
போதாது. ஒளி உறிஞ்சலையும் சேர்த்துப் பாருங்கள். கோபால்ட் ஒன்று தாலோசயனினுக்கு 470 நானோமீட்டர் அருகே புதுப்பட்டை வரும், 670 பக்கம் இருந்த கியூ பட்டை (சாயத்துக்கு நிறம் தரும் முக்கிய உறிஞ்சல்) 700-ஐத் தாண்டி நகரும். வளையம் ஒடுங்கினால் கதையே மாறும்: கியூ பட்டை சரிந்து 550 முதல் 650-க்குள் அகலமான பட்டைகள் எழும். இரண்டும் கண்ணுக்கே தெரியும் நிறமாற்றம்.

இங்கே பலர் வழுக்கும் இடம்: ஈபிஆருக்கு 0.5 மில்லிமோலார் கரைசல், நிறமாலைக்கு அதையே 50 மடங்கு நீர்த்து 1 செ.மீ. குவளை. இந்தச் சாயங்களின் உறிஞ்சல் குணகம் லட்சத்தைத் தொடும் என்பதால் நீர்க்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் 10 மைக்ரோமோலார் கரைசலில் கரைப்பானில் மிஞ்சிய ஆக்சிஜனே மொத்த எதிரயனையும் (எலக்ட்ரான் ஏறிய மூலக்கூறுகளை) தின்றுவிடும். நிறமாலை ஒன்றைக் காட்டும், ஈபிஆர் இன்னொன்றைக் காட்டும். நீர்க்காதீர்கள். அதே கரைசலை 0.1 மி.மீ. பாதை நீளமுள்ள குவளையில் ஊற்றுங்கள், உறிஞ்சல் 0.5 அளவில் வரும்.

கிளவ்பாக்ஸ்:
எந்த ஒடுக்கி, எவ்வளவு என்று இழையில் யாரும் சொல்லவில்லை. பாதிப் பிழைகள் அங்கேதான்.

கோபால்ட் தாலோசயனினுக்கு கோபால்ட்டோசீன் போதும். ஃபெர்ரோசீனை ஒப்பிட்டால் அதன் மின்னழுத்தம் −1.33 வோல்ட். 10 மில்லிகிராம் டெர்ட்-பியூட்டைல் கோபால்ட் சேர்மம் 12.6 மைக்ரோமோல், அதற்கு கோபால்ட்டோசீன் 2.4 மில்லிகிராம். துத்தநாகத்துக்கும் தாமிரத்துக்கும் அது விளிம்பில்தான் நிற்கும், வினை பாதியில் சமநிலையாகும். டெக்காமீத்தைல் கோபால்ட்டோசீன் (−1.94 வோல்ட்) எடுங்கள், 10 மில்லிகிராமுக்கு 4.1 மில்லிகிராம். ஒரு துளியும் கூடக்கூடாது, ஏனென்றால் அந்த வலிமைக்கு இரண்டாவது எலக்ட்ரானையும் ஏற்ற முடியும். துத்தநாகத்தில் மிகுதியாகப் போட்டால் ஸ்பின் 1/2 எதிரயன் ஸ்பின் இல்லாத இரட்டை எதிரயனாகிவிடும், "டோப்பிங் (மின்னூட்டம் ஏற்றுவது) கூடக் கூடக் காந்தம் குறைகிறது" என்று தவறான வரைபடம் வரும். 4 மில்லிகிராமைத் தராசில் நிறுக்காதீர்கள். 40 மில்லிகிராமை 10 மில்லிலிட்டரில் கரைத்து, நுண்குழல் ஊசியால் பங்கு பங்காக 0.2 சமானம் வீதம் சேருங்கள். ஒவ்வொரு பங்குக்கும் நிறமாலை எடுத்தால் வளைவுகள் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளி கலையும் இடத்தில் இரண்டாவது எலக்ட்ரான் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கரைப்பானை உடனே மாற்றுங்கள். கோபால்ட் ஒன்று தாலோசயனின் கார்பன்-குளோரின் பிணைப்பைத் தாக்கும் வலுவான கருக்கவர் பொருள். டைகுளோரோமீத்தேனில் வைத்தால் சிறிது நேரத்தில் கோபால்ட்-கார்பன் பிணைப்புள்ள சேர்மமாகிவிடும். அதற்கும் ஸ்பின் இல்லை, ஈபிஆரில் வித்தியாசமே தெரியாது. டெட்ராஹைட்ரோஃபியூரான் பாதுகாப்பு. உறைய வைத்து அளப்பதானால் 2-மீத்தைல் வகை, அது பளிங்காகாமல் தெளிந்த கண்ணாடியாக உறையும். கரைப்பான் பளிங்கானால் சாயம் ஓரங்களில் ஒதுங்கித் திரண்டு, ஸ்பின்கள் நெருங்கிக் கோடு அகலமாகும்.

உறை-வெற்றிடம்-உருக்கு மூன்று சுற்று, கையுறைப் பெட்டியில் ஆக்சிஜன் பத்து லட்சத்தில் 1 பங்குக்குக் கீழ், 4 மி.மீ. குவார்ட்ஸ் குழாயைச் சுடரில் உருக்கி மூட வேண்டும். பிளாஸ்டிக் மூடி அரைமணி தாங்காது.

வளையம்:
கோபால்ட்டோசீன் வகைகளை இந்த வேலைக்கு நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. எலக்ட்ரானைக் கொடுத்தபின் அது 18 எலக்ட்ரான் கோபால்ட்டோசீனியம், காந்தமற்றது. பொட்டாசியத்தின் அயனியும் காந்தமற்றதுதான், ஆனால் மீதி உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பராக்சைடானால் அதற்கு ஸ்பின் உண்டு.

மில்லிகெல்வின்:
அதே காரணத்தால் ஒரு எச்சரிக்கை. வினைபடாத கோபால்ட்டோசீனுக்கு ஸ்பின் 1/2. அதன் ஈபிஆர் மிகக் குறைந்த வெப்பநிலையில் மட்டுமே தெரியும், ஸ்க்விட் (மாதிரியின் மொத்தக் காந்தத்தை அளக்கும் கருவி) மட்டும் அதை விடாமல் எண்ணும். ஈபிஆர் சுத்தம், ஸ்க்விட்டில் மட்டும் கூடுதல் காந்தம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மீதி ஒடுக்கியை.

ஸ்க்விட் எண்களைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், அளவு புரியும். தனி ஸ்பின் 1/2-க்குக் காந்த ஏற்புத்திறனையும் வெப்பநிலையையும் பெருக்கினால் மோலுக்கு 0.375 ஈஎம்யூ-கெல்வின் (ஈஎம்யூ என்பது காந்த அலகு). ஸ்பின் 1-க்கு 1.0, 3/2-க்கு 1.875. ஒடுங்கிய தாமிர சேர்மத்தில் இரு ஸ்பின்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாவிட்டால் 0.75, ஒரே திசையில் வலுவாகப் பிணைந்தால் 1.0, எதிர்த்திசையில் பிணைந்தால் குளிரக் குளிர பூஜ்யம் நோக்கி. ஆகவே 300-இலிருந்து 5 கெல்வின் வரை முழு வளைவு வேண்டும், ஒரு புள்ளி போதாது.

பதிலி ஏற்றாத தாமிர தாலோசயனின் தூள் 10 மில்லிகிராம், அதாவது 17.4 மைக்ரோமோல். 300 கெல்வின், 1 டெஸ்லாவில் அதன் பாராகாந்தப் பங்கு 2.2×10⁻⁴ ஈஎம்யூ. மூலக்கூறின் டயாகாந்தப் பங்கு (ஜோடி எலக்ட்ரான்களின் எதிர்க்காந்தம்) அதற்கு எதிராக ஏறக்குறைய கால் பங்கு. இது திருத்திக்கொள்ளக்கூடியது. ஆனால் துத்தநாக சேர்மத்தில் 5 விழுக்காடு மூலக்கூறுகள் மட்டும் ஒடுங்கியிருந்தால் அறை வெப்பநிலையில் டயாகாந்தம் பாராகாந்தத்தைப் போல நான்கைந்து மடங்கு. அங்கே திருத்தத்தில் 10 விழுக்காடு பிசகினால் ஸ்பின் எண்ணிக்கையே பாதியாகவோ ஒன்றரையாகவோ மாறிவிடும். டோப்பிங் செய்யாத அதே தொகுதித் தூளை அளந்து கழியுங்கள், டயாகாந்த மதிப்புகளைத் தரும் பாஸ்கல் அட்டவணையை மட்டும் நம்ப வேண்டாம்.

50 கெல்வின் அருகே ஒரு சிறு மேடு தெரிந்தால் அது புது இயற்பியல் அல்ல, உறைந்த ஆக்சிஜன்.

மென்படலம்:
கரைசல், தூள் சரி. சாதனத்தில் இருப்பது படலம். பாலிமர் பக்கம் வந்தால் மின்னூட்டத்துக்கும் ஸ்பினுக்கும் உள்ள பிளவு இன்னும் வெளிப்படை. டிரான்ஸ் பாலிஅசிட்டிலீனில் நடுநிலை சாலிட்டானுக்கு (சங்கிலியில் பிணைப்பு வரிசை மாறும் இடம்) ஸ்பின் உண்டு, மின்னூட்டம் இல்லை. மின்னூட்டம் ஏறிய சாலிட்டானுக்கு ஸ்பின் இல்லை. லேசான டோப்பிங்கில் கடத்துதிறன் பல மடங்கு ஏறும், கியூரி ஸ்பின் (குளிரக் குளிர ஏற்புத்திறன் கூடும் தனி ஸ்பின்) ஏறாது. 6 விழுக்காடு பக்கம்தான் பௌலி வகைக் காந்த ஏற்புத்திறன் (உலோகங்களில் போல வெப்பநிலை சாராதது) திடீரென்று எழும்.

பி3எச்டி (தையோஃபீன் வளையங்களாலான பாலிமர்) அப்படியல்ல, அங்கே போலரானுக்கு (சங்கிலியில் ஏறிய மின்னூட்டமும் அதைச் சுற்றிய சிதைவும்) மின்னூட்டமும் உண்டு, ஸ்பின் 1/2-உம் உண்டு. ஆனால் எஃப்4டிசிஎன்க்யூ (எலக்ட்ரானைப் பறிக்கும் கரிம மூலக்கூறு) கொண்டு டோப் செய்தால் எலக்ட்ரானைப் பெற்ற டோப்பன்டும் ஸ்பின் 1/2. ஒரு எலக்ட்ரான் இடம் மாறினால் இரண்டு ஸ்பின். இரண்டின் ஜி மதிப்பும் 2.002, 2.003 என்று ஒட்டிக்கொண்டிருப்பதால் 9.5 கிகாஹெர்ட்ஸில் ஒரே கோடாகத்தான் தெரியும். ஜி-இல் 0.001 வேறுபாடு அங்கே 0.17 மில்லிடெஸ்லா, கோட்டின் அகலத்துக்குள் புதைந்துவிடும். 94 கிகாஹெர்ட்ஸில் 1.7 மில்லிடெஸ்லா, பிரிந்து தெரியும்.

படலத்தைச் செய்யும்போது இரண்டையும் ஒரே கரைசலில் கலக்காதீர்கள், திரிந்து கட்டிகட்டியாக வரும். பி3எச்டியை குளோரோபென்சீனில் மில்லிலிட்டருக்கு 15 மில்லிகிராம் கரைத்துச் சுழற்றிப் படலமாக்கி, அதன் மேல் அசிட்டோநைட்ரைலில் 0.1 முதல் 1 மில்லிகிராம் செறிவுள்ள டோப்பன்டை ஊற்றி, 20 நொடி விட்டுச் சுழற்றி எடுங்கள். அசிட்டோநைட்ரைல் பாலிமரைக் கரைக்காது. மின்னூட்டம் மாறியதா என்பதை அகச்சிவப்பில் சயனோ பட்டை சொல்லும்: நடுநிலையில் 2227, எதிரயனில் 2190-களில். சூடாக்காதீர்கள், இந்த டோப்பன்ட் எளிதில் பதங்கமாகிப் படலத்தைவிட்டு ஓடிவிடும்.

நீலத்தூள்:
அப்படியானால் ஃபெர்ரிக் குளோரைடு? மலிவு, வலு அதிகம்.

மில்லிகெல்வின்:
காந்த அளவீட்டுக்கு வேண்டவே வேண்டாம். எஞ்சும் எதிரயன் டெட்ராகுளோரோஃபெர்ரேட், அதில் இரும்பு மூன்று உயர்ஸ்பின் 5/2. ஏற்புத்திறன்-வெப்பநிலைப் பெருக்கம் 4.375. ஒரு போலரானின் 0.375-ஐ அதற்குப் பக்கத்தில் வைத்து எப்படிப் பிரிப்பீர்கள்? கடத்துதிறனுக்கு நல்ல டோப்பன்ட், காந்தத்துக்கு நஞ்சு.

"மேஜிக் புளூ" எனப்படும் டிரிஸ்-புரோமோஃபினைல் அமினியம் உப்பு எடுங்கள். எலக்ட்ரானைப் பெற்றதும் காந்தமற்ற அமீனாகும், அதன் ஹெக்சாகுளோரோ ஆன்டிமனேட்டும் காந்தமற்றது. அயோடினும் நல்லது, ட்ரைஅயோடைடாக நிற்கும்வரை ஸ்பின் இல்லை. நிக்கல் தாலோசயனின் அயோடைடு பளிங்கில் மூன்று வளையங்களுக்கு ஒரு எலக்ட்ரான் வீதம் போயிருப்பதை அந்த ட்ரைஅயோடைடு கணக்கிலிருந்துதான் சொல்கிறோம்.

படலத்தை ஸ்க்விட்டில் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 100 நானோமீட்டர் தடிமன், 3×20 மி.மீ., கன செ.மீ.க்கு 10²⁰ போலரான் என்றால் மொத்தம் 6×10¹⁴ ஸ்பின். 5 கெல்வின், 1 டெஸ்லாவில் 7×10⁻⁷ ஈஎம்யூ. அரை மி.மீ. குவார்ட்ஸ் தகட்டின் டயாகாந்தம் மட்டும் 3×10⁻⁴. நானூறு மடங்குக்கு மேல். தகட்டைக் கழித்துக் கிடைக்கும் மீதியை நம்ப முடியாது. ஈபிஆருக்கு அதே எண்ணிக்கை தாராளம்.

மென்படலம்:
எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. டோப்பிங் கூட்டும்போது ஸ்பின் ஏறி, பிறகு இறங்குகிறது. உடனே "பைபோலரான்" என்று எழுதுகிறார்கள். அது ஒரு விளக்கம்தான். ஒரே சங்கிலியில் இரண்டு மின்னூட்டம் சேர்ந்து ஸ்பின் அழிவது பைபோலரான். பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளில் உள்ள இரண்டு போலரான்கள் முகத்தோடு முகம் ஒட்டி ஜோடியாவது பை-இருபடி (டைமர்). மின்னூட்டம் இரண்டிலும் சமமே, ஸ்பின் இரண்டிலும் பூஜ்யம்.

வளையம்:
ஏற்கிறேன். குட்டைத் தையோஃபீன் சங்கிலிகளில் பிரிப்பது எளிது. கரைசலைக் குளிர்த்தினால் ஸ்பின் மறைந்து, சூடாக்கினாலோ நீர்த்தாலோ திரும்ப வந்தால் இருபடி. நீர்த்தாலும் வராவிட்டால் பைபோலரான் பக்கம் யோசிக்கலாம். படலத்தில் நீர்க்க வழியில்லை, ஒளி உறிஞ்சலில் புதுப்பட்டை எங்கே எழுகிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது சாத்தியமும் உண்டு: உலோகத்தன்மை வந்துவிட்டால் ஸ்பின்கள் அழியாமலே காந்த ஏற்புத்திறன் வெப்பநிலை சாராத பௌலி வகையாகிச் சிறுத்துவிடும். 77 கெல்வினில் அளந்ததைக் கியூரி விதியால் எண்ணிக்கையாக மாற்றியவர்கள் அங்கே தவறுவார்கள்.

குவார்ட்ஸ்குழாய்:
எண்ணிக்கை என்றதும் இருமுறைத் தொகையீடு (ஈபிஆர் கோட்டை இரண்டு முறை தொகையிட்டு ஸ்பினை எண்ணுவது) பற்றிச் சொல்லியாக வேண்டும். பி3எச்டி கோடு 0.1 முதல் 0.3 மில்லிடெஸ்லா அகலம். பண்பேற்ற வீச்சை அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வையுங்கள். 0.5 மில்லிடெஸ்லா போட்டால் சமிக்ஞை அழகாகப் பெரிதாகும், வடிவம் பொய்யாகும். மைக்ரோ அலைத் திறனின் வர்க்கமூலத்துக்கு எதிரே உயரத்தை வரைந்து, நேர்கோடு வளையத் தொடங்கும் இடத்துக்கு நன்றாகக் கீழே நில்லுங்கள். உறைநிலையில் கரிம ஸ்பின்கள் மிக எளிதில் தெவிட்டும்.

லாரன்ட்ஸ் வடிவக் கோட்டின் வால் நீளம். உச்சி-உச்சி அகலத்தின் ஐந்து மடங்கு தூரம் இரு பக்கமும் தொகையிட்டால் 11 விழுக்காடு ஸ்பின் வெளியே விடுபடுகிறது. பத்து மடங்கு போனாலும் 5 விழுக்காட்டுக்கு மேல் விடுபடும். அடிக்கோடு லேசாகச் சாய்ந்திருந்தால் இரண்டாம் தொகையீடு அதை முப்படி வளைவாக ஊதிவிடும்.

ஒப்பீட்டுக்கு நிறுத்தெடுத்த தாமிர சல்பேட் பளிங்கோ, செறிவு தெரிந்த டெம்போ (நிலையான ஸ்பின் 1/2 மூலக்கூறு) கரைசலோ, அதே குழாய், அதே உயரம். கடத்தும் படலம் குழியின் தரக்காரணியை இறக்கும், அந்த எண்ணையும் குறித்துக்கொண்டு திருத்துங்கள். கோட்டின் மேல்பாதியும் கீழ்பாதியும் சமனில்லாமல் இருந்தால் அலை மாதிரிக்குள் முழுதாகப் புகவில்லை, படலத்தை மெல்லியதாக்குங்கள்.

நீலத்தூள்:
ஜி மதிப்பிலிருந்து எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா?

வளையம்:
ஓரளவு முடியும். கட்டற்ற எலக்ட்ரானுக்கு 2.0023. கார்பனில் மட்டும் பரவிய ஸ்பின் அதை ஒட்டியே நிற்கும். கந்தகம், செலினியம் போன்ற கனத்த அணுவில் ஸ்பின் அடர்த்தி விழுந்தால் ஸ்பின்-சுற்றுப்பாதைப் பிணைப்பால் விலகும். ஆனால் மூலக்கூறில் கந்தகம் இருப்பது மட்டும் போதாது, அந்த ஆர்பிட்டாலுக்குக் கந்தகத்தின் மேல் கணு (எலக்ட்ரான் அடர்த்தி பூஜ்யமாகும் இடம்) இருந்தால் விலகலே இராது. ஒரே கந்தக எண்ணிக்கையுள்ள இரு மூலக்கூறுகள் வேறுவேறு ஜி காட்டுவதற்கு இதுவே காரணம். ஃபுல்லரீன் எதிரயனில் ஜி 2.0023-க்குக் கீழே இறங்குகிறது, அங்கே எலக்ட்ரானுக்குச் சம ஆற்றலில் மூன்று ஆர்பிட்டால்கள் திறந்திருக்கின்றன.

மென்படலம்:
டோப்பன்டே இல்லாமல் மின்னூட்டம் ஏற்ற டிரான்சிஸ்டர் வழியும் உண்டு. எதிரயனும் இல்லை, டோப்பன்ட் ஸ்பினும் இல்லை. 300 நானோமீட்டர் சிலிக்கான் ஆக்சைடு சதுர செ.மீ.க்கு 11.5 நானோஃபாரட். 50 வோல்ட் கொடுத்தால் சதுர செ.மீ.க்கு 3.6×10¹² மின்னூட்டங்கள், 0.6 சதுர செ.மீ. பரப்புக்கு 2×10¹². ஈபிஆரில் தெரியும், பொறுமையாகச் சேர்த்து எடுக்க வேண்டும். டோப் செய்த சிலிக்கான் தகட்டைக் குழிக்குள் விடாதீர்கள், அலையைத் தின்றுவிடும். குவார்ட்ஸின் மேல் மெல்லிய தங்கக் கேட், அலுமினா மின்காப்பு என்று கட்டுங்கள். பென்டசீனில் இப்படி ஏற்றிய துளையின் கோட்டகலத்திலிருந்து அது ஏறக்குறைய 10 மூலக்கூறுகளில் பரவியிருக்கிறது என்று 2006-இல் கண்டார்கள். பரவும் மூலக்கூறு எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் கோடு குறுகும் என்பதே அடிப்படை. பூஜ்ய கேட் மின்னழுத்தத்தில் எடுத்ததை ஒவ்வொரு முறையும் கழிக்க மறக்காதீர்கள்.

நீலத்தூள்:
கடைசியாக ஒன்று. பொட்டாசியம் ஏற்றிய தாமிர சேர்மத் தூளில் அறை வெப்பநிலையில் காந்தத் தயக்கக் கண்ணி (ஹிஸ்டெரிசிஸ்) தெரிகிறது. இது ஃபெர்ரோகாந்தமா?

மில்லிகெல்வின்:
இரும்பு என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிகிராம் மாதிரியில் பத்து லட்சத்தில் 10 பங்கு இரும்பு இருந்தால் 0.1 மைக்ரோகிராம். அதன் தெவிட்டுகாந்தம் 2×10⁻⁵ ஈஎம்யூ, ஸ்க்விட்டுக்கு அது இடிமுழக்கம். எஃகு கரண்டி, எஃகு இடுக்கி, கலவைக் கலன் எல்லாம் மூலங்கள்.

மின்னூட்டம் ஏற்றிக் கிடைத்த உண்மையான கரிம ஃபெர்ரோகாந்தம் ஒன்றைப் பாருங்கள். 1991-இல் வந்த டிடிஏஇ-சி60 (எலக்ட்ரான் கொடுக்கும் டிடிஏஇ மூலக்கூறும் சி60 ஃபுல்லரீனும் சேர்ந்தது). உலோகமே இல்லை, ஃபுல்லரீனுக்கு ஒரு எலக்ட்ரான் ஏறுகிறது, 16 கெல்வினில் ஒழுங்குபடுகிறது. புதிதாக வளர்த்த பளிங்கில் அந்தக் காந்தம் வருவதில்லை. பதப்படுத்திச் சூடாக்கியபின் பந்துகள் ஒன்றையொன்று பார்க்கும் கோணம் மாறித்தான் வருகிறது. மின்னூட்டம் அதே, அடுக்கு மாறியதும் காந்தம் மாறுகிறது. ஒரு எலக்ட்ரான் வந்த மூலக்கூறுகள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. 300 கெல்வினில் கண்ணி காட்டுவது இவற்றின் வழக்கமல்ல.

சோதனை எளிது. பீங்கான் இடுக்கியும் பிளாஸ்டிக் கரண்டியும் மட்டும் வைத்துக்கொண்டு, பொட்டாசியம் இல்லாமல் மற்ற எல்லாப் படிகளையும் அதே கலனில், அதே சூட்டில் செய்து ஒரு வெற்று மாதிரி எடுங்கள். மீதித் தூளை ஐசிபி (தனிமங்களின் அளவைத் தரும்) நிறமாலைக்கு அனுப்பி இரும்பு, நிக்கல், கோபால்ட் மூன்றின் அளவையும் வாங்குங்கள். வெற்று மாதிரியிலும் கண்ணி வந்தால் விடை கிடைத்துவிட்டது. வராவிட்டால் ஐசிபி தரும் இரும்பின் எடையை 218 ஈஎம்யூ/கிராமால் பெருக்கி உங்கள் தெவிட்டு மதிப்போடு ஒப்பிட்டு இங்கே போடுங்கள்.

நீலத்தூள்:
சரி. வெற்று மாதிரியும் ஐசிபியும் முதலில், கோபால்ட்டை 2-மீத்தைல் டெட்ராஹைட்ரோஃபியூரானில் 0.2 சமானப் படிகளில் இரண்டாவது. எண்கள் வந்ததும் இதே இழையில் பதிகிறேன்.

கிளவ்பாக்ஸ்:
கோபால்ட்டில் 1.0 சமானத்தோடு நிறுத்தாதீர்கள், டெக்காமீத்தைல் வகையால் 2.0 வரை போங்கள். முதல் பாதியில் ஸ்பின் மறைந்து இரண்டாம் பாதியில் 2.00 அருகே வளையக் கோடாகத் திரும்பினால், உலோகம் முதலில் வளையம் பிறகு என்பது ஒரே தொகுப்பில் தெரிந்துவிடும்.